மலையை இடது கையில் வைத்துக்கொண்டு

1

முப்பத்து நான்கு வருடம் நான் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன். பலகையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்றும், ஊரார் வாயில் ஆர்டிஓ ஆபீஸ் என்றும் வழங்கும் இடத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பழகுநர் உரிமத்துக்கு எந்தப் படிவம், எந்த மூலையில் கையெழுத்து, அந்தக் கையெழுத்து கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாத ஒன்று உண்டு. கார் ஓட்டத் தெரியாது. திருவண்ணாமலையில் அது ஒரு குறையாக இருந்ததில்லை. ஈசானிய லிங்கத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் வீடு. ஆபீசுக்கு ஸ்கூட்டர். மற்ற இடங்களுக்கு ஆட்டோ, பஸ், இரண்டு கால்.

இப்போது வருடத்தில் பத்து மாதம் நானும் என் மனைவி வசந்தாவும் அமெரிக்காவில் மகள் அகிலாவின் வீட்டில் இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வேறு மாநிலத்தில் வேலை. சனி, ஞாயிறு வந்துபோவார். பேத்தி நிலாவுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பது அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். போன வருடம் பதிலில் இரண்டொரு தமிழ்ச் சொல்லாவது ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வருடம் 'தாத்தா', 'பாட்டி' இரண்டும்தான் மிச்சம். அவையும் கழன்றுபோவதற்குள் பக்கத்தில் இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

மகள் இருக்கும் ஊரில் நடைபாதை கிடையாது. வாசலில் இறங்கினால் புல், புல் முடிந்தால் சாலை, சாலையில் கார். ஒருநாள் கடை வரைக்கும் நடந்தே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். மூன்று கார்கள் வரிசையாக நின்று, எனக்கு ஏதாவது ஆபத்தா என்று விசாரித்தன. காலை நம்பி நடக்கிறவனை அங்கே நோயாளி என்று நினைக்கிறார்கள்.

வசந்தா அடி அண்ணாமலை தொடக்கப்பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை. வேலை முடிந்து வந்த அகிலாவிடம் சொன்னாள். அகிலா கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து, "சனிக்கிழமை பத்தரைக்கு மேல போலாம்மா" என்றாள். வசந்தா அடுப்படிக்குத் திரும்பினாள். ரசத்தைக் கொத்தமல்லி இல்லாமலே இறக்கினாள். விஷயம் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. எனக்கு அப்போது ரசம் மட்டுமே ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தது.

2

ஆடி முடிகிற சமயத்தில் ஊருக்கு வந்தோம். ஓய்வூதியர் நேர்காணல். இருக்கிற இடத்திலிருந்தே கைப்பேசியில் முகத்தைக் காட்டி, உயிரோடிருப்பதை நிரூபிக்க இப்போது வழி வந்துவிட்டதாம். உயிரோடிருக்கிறவன் நேரில் போய் நிற்பதுதான் முறை என்பது என் கட்சி. கருவூலத்தில் இருவரும் நின்றோம். இருவரும் இருப்பதாகப் பதிவாயிற்று.

வெளியே வந்து நான் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தபோது வசந்தா எதிரில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே, "தங்கச்சியைப் பாத்துட்டு வரேன், கீழ்பென்னாத்தூரு!" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. சாயங்காலம் ஒரு பை வேர்க்கடலையோடும் அவ்வளவு பெரிய கொத்தமல்லிக் கட்டோடும் திரும்பி வந்தாள். மறுநாள் வங்கி. அதற்கு மறுநாள் பழைய பள்ளிக்கூடம். பத்து மாதம் சோபாவில் பார்த்த பெண்ணும் இவளும் ஒருத்திதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நான்காம் நாள், திரும்பிப் போவதற்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு டிக்கெட் போதும்."

"ஒண்ணா? போறது ரெண்டு பேரு."

"நீங்க போங்க. நான் வரல."

"பொண்ணு மேல கோவமா?"

"அவ இன்னா பண்ணுவா பாவம். காலையில ஏழு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வர்றா. அவகிட்ட போயி கொத்தமல்லி வாங்கணும், கோயிலுக்குப் போவணும்னு நான் மனு குடுத்துட்டு நிக்கணுமா? அன்னைக்குக் கீழ்பென்னாத்தூர் போனேனே, யாரைக் கேட்டேன்?"

"என்னைக்கூடக் கேக்கல."

"அதைத்தான் சொல்றேன்."

கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதிக காலம் வெளிநாட்டில் தங்கினால் திரும்ப நுழையும்போது கேள்வி வரும் என்ற விதியை எடுத்துச் சொன்னேன்.

"கேள்வி வந்தா நீங்க பதில் சொல்லுங்க. உங்களுக்குப் புடிச்ச வேலைதானே."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் நாங்கள் ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்து இருந்ததில்லை. எனக்கு ரசம் வைக்கத் தெரியாது என்பதல்ல காரணம். அதுவும் ஒரு காரணம். ஒரு பக்கம் நிலா, இன்னொரு பக்கம் இவள், நடுவில் ஒரு கடல். இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் அறிவித்தேன்: நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். நினைத்தபோது உன்னைக் கடைக்கு அழைத்துப் போகிறேன்.

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட்டமா இருந்தா ஸ்கூட்டரையே எறங்கித் தள்ளிக்கிட்டு வர்ற ஆளு நீங்க."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவளும் என்னோடு வருவாள். ஆனால் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஊர் திரும்ப அவள் பெயரில் ஒரு டிக்கெட் இருக்கும். அதற்குள் நான் அறிவுத் தேர்வு எழுதிப் பழகுநர் பெர்மிட் வாங்கிவிட்டால் டிக்கெட் ரத்து. வாங்காவிட்டால் அவள் விமானம் ஏறுவாள். நான் அங்கே இருப்பதும் கூட வருவதும் என் விருப்பம்.

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்றேன்.

"வாயால சொன்னது போதும். எழுதினா அதுல நீங்க ஓட்டை கண்டுபுடிப்பீங்க."

3

அங்கே தேர்வுக்கென்று மாநில அரசே ஒரு கையேடு போட்டிருக்கிறது. அதில் இருப்பதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. அகிலா அதை அனுப்பி வைத்தாள். திரையில் படிப்பது எனக்குப் படிப்பாகப் படாது. ஓரத்தில் பென்சிலால் கோடு போட இடம் வேண்டும். பக்கத்து வீட்டு ஜெயவேல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே போனேன்.

"இன்னா சார் இது, இத்தினி பக்கம் வருது? கேசு கட்டா?"

"அமெரிக்காவுல லைசென்சுக்குப் படிக்கிற புத்தகம்."

"யாரு படிக்கிறாங்க?"

"நான்தான்."

ஜெயவேல் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "உங்களுக்கு எல்.எல்.ஆரா? சார், என்னை ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பினவரு நீங்க. போட்டோவுல காது தெரியலன்னு."

"காது தெரியணும்ங்கறது விதி, ஜெயவேலு."

"அங்க உங்க காது தெரியுதான்னு ஒரு தடவை கண்ணாடியில பாத்துட்டுப் போங்க சார். என் வயித்தெரிச்சல் ஜாஸ்தி."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவரை எங்கோ பார்த்த நினைவு. அவரையும் நான் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிரதி எடுத்தேன். எந்த ஆவணமானாலும் ஒரு செட் கூடுதலாக வைத்திருப்பது என் பழக்கம். பின்னால் நடந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம்.

புத்தகத்தைப் படிக்கப் படிக்க எனக்குத் தேர்வு மறந்துபோயிற்று. ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள அதன் சாலை விதிகளைப் படித்தால் போதும் என்று தோன்றுகிறது. சாலையைக் கடக்கும் மானுக்காகத் தனியாக ஒரு பத்தி: ஒரு மான் போனால் பின்னாலேயே இன்னொன்று வரும், காத்திரு. எங்கள் பக்கம் ஆட்டு மந்தைக்கு இது பொருந்தும், ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. பனிக்காலத்தில் சாலையைவிடப் பாலம் முதலில் உறையும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றால், எதிரில் வருகிற வண்டிகளும் நின்றாக வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே அந்த நாட்டைப் பார்த்து வணக்கம் வைத்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது நான்கு பக்கமும் 'நில்' என்று பலகை நட்ட சந்திப்பு. விளக்கு இல்லை, காவலர் இல்லை. முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலது கைப் பக்கம் இருப்பவருக்கு வழி. ஆளே இல்லாவிட்டாலும் நின்று, பார்த்து, பிறகு போக வேண்டும். இதை ஜெயவேலிடம் சொன்னேன்.

"யாருமே இல்லாத ரோட்டுல யாருக்காக சார் நிக்கறாங்க?"

விதிக்காகத்தான் என்றேன். முப்பத்து நான்கு வருடம் விதியை விதி என்பதற்காகவே மதித்தவன் நான், ஆனாலும் அந்தப் பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

4

தினமும் நாலு மணிக் காப்பிக்குப் பிறகு பாடம். வசந்தா கூடுதல் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்ப்பாள்.

"நடைபாதை இல்லாத ரோடு. நடக்கறவங்க எந்தப் பக்கம் போவணும்?"

"இடது பக்கம்."

"சரி. ஏன்?"

"வலது பக்கம் மலை இருக்கு. அது சித்தருங்க போற வழி. நாம இடது ஓரமாத்தான் போவணும்."

வசந்தா புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த நாட்டில் வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன; எதிரில் வருவது கண்ணுக்குத் தெரியட்டும் என்பதால் நடக்கிறவர் இடது பக்கம். கையேடு சொல்லும் காரணம் அதுதான். கிரிவலம் போய்ப் பழகிய காலுக்கு விடை சரியாக வந்துவிட்டது, காரணம் மட்டும் வேறு. மதிப்பெண் விடைக்குத்தானே என்று வாதாடினேன். கணக்கில் வழிமுறையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகளைப் பற்றி அவளுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். நாலு சாலை கூடும் இடத்தில் நடுவில் ஒரு வட்டத் திட்டு. அதை எப்படிச் சுற்றுவது?

"வட்டத்தை வலது கையில வெச்சிக்கிட்டு."

"தப்பு."

நம் நாட்டில் வாகனங்கள் வட்டத்தைச் சுற்றுவதும், கோயிலில் பிராகாரம் சுற்றுவதும், மலையைச் சுற்றுவதும் ஒரே திசைதான். எதைச் சுற்றுகிறோமோ அது வலது கைப் பக்கம். அங்கே தலைகீழ். வட்டத்தை இடது கையில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படிச் சுற்றுவது சாவுக் காரியத்தில் மட்டும்தான். மறுநாளும் தப்பாகச் சொன்னேன். அதற்கு மறுநாள் சரியான விடையைச் சொல்லிக்கொண்டே விரலால் தப்பான திசையில் வட்டம் போட்டேன். புத்திக்குத் தெரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேரவில்லை. பிறந்ததிலிருந்து மலை வலது பக்கம் இருக்கிற உடம்பு இது.

5

உடம்பைத் திருத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். மொட்டை மாடியில் வட்டமான கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதை இடமாகச் சுற்றுவது. கையில் ஸ்டியரிங் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நுழையுமுன் நின்று, இடது பக்கம் பார்த்து, உள்ளே இருக்கும் வண்டிக்கு வழிவிட்டு, நுழைந்து, திரும்பி, வலது கையால் சைகை காட்டி வெளியேறுவது.

மூன்றாம் நாள் பக்கத்து மாடியில் ஜெயவேல் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பிரஷ் அப்படியே நின்றது.

"சார்... வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"ஏன்?"

"இல்ல, மலையைப் பாத்த மொட்டை மாடியில நின்னுக்கிட்டு எதிர்ச்சுத்து சுத்துறீங்க. அதுவும் தண்ணித் தொட்டிய. அம்மா எங்க? நல்லாருக்காங்களா?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த வசந்தா கொடிக்குப் பின்னாலிருந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன் ஜெயவேலு. அவருதான் எல்.எல்.ஆர் வாங்குறாரு" என்றாள்.

ஜெயவேல் இறங்கிப் போன பிறகு நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். "உனக்கு இந்த வட்டம் தடுமாறலையா? நீயும் இந்த ஊர்க்காரிதானே?"

"எனக்கு ஏன் தடுமாறணும்? பௌர்ணமி பௌர்ணமிக்கு நான் எதிர்ப்பக்கமாத்தானே நடந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. ஒரு புடவையை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் பஸ் ஓடாது. பள்ளிக்கூடத்துக்கு லீவும் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து அடி அண்ணாமலைக்குக் குறுக்கு வழி குபேர லிங்கம் வழியாக, அதாவது மலையை இடது கையில் வைத்துக்கொண்டு. எதிரில் விடிய விடிய நடந்த கூட்டம் வந்துகொண்டிருக்கும். இவள் ஒருத்தி மட்டும் டிபன் பாக்ஸோடு எதிர்த் திசையில். "தப்பா போற தாயின்னு ஒவ்வொரு வாட்டியும் பத்துப் பேரு சொல்லுவாங்க. வேலைக்குப் போறேங்கன்னு சொல்லிட்டு நடப்பேன். அண்ணாமலையாரு என்னை ஒண்ணும் பண்ணல."

"இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே?"

"சொன்னேனே. அதுக்குத்தான ஒரு ஃபாரம் கேட்டேன்."

அவள் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கிளிப்பை எடுத்துப் புடவையில் மாட்டிவிட்டு அடுத்த துணிக்குப் போய்விட்டாள். நான் பக்கெட்டோடு நின்றேன்.

அகிலா மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு மொபெட் வாங்கிக்கொண்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு ஃபாரம் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன் என்றாள் வசந்தா. பழகுநர் உரிமத்துக்கான படிவம் என் மேசை இழுப்பறையில் கட்டுக் கட்டாக இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "பாக்கலாம். என் பொண்டாட்டி ஃபாரத்தை நானே வாங்கினா ஆபீஸ்ல பேச்சு வரும். சீனியாரிட்டிப்படி பாக்கலாம்."

பழகுநர் உரிமத்தில் சீனியாரிட்டி என்று ஒன்று கிடையாது. அன்றைக்கும் எனக்கு அது தெரியும். அவள் வண்டியில் போய் எங்காவது விழுந்து வைத்தால் என்ற பயம் ஒன்று. ஆபீசர் வீட்டம்மா மொபெட்டில் போகிறாள் என்று தெரு பேசுமே என்ற கூச்சம் இன்னொன்று. இரண்டையும் சொல்லியிருக்கலாம். அவற்றுக்கு ஒரு விதியைப் போர்த்தி நீட்டினேன். அவள் ஆசிரியை, ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கிற வழக்கம் இல்லை. ஓய்வு பெறும் வரை அந்தப் பஸ்ஸுக்கு நின்றாள்.

அன்று நான் தொட்டியை மேற்கொண்டு சுற்றவில்லை.

6

அமெரிக்கா திரும்பிய இரண்டாவது வாரம் அகிலா லீவு போட்டுவிட்டு எங்களை உரிம அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். எனக்கு ஒரு செட் ஆவணம், வசந்தாவுக்கு ஒரு செட். அவளுக்கு எதற்கு என்றால், வண்டி ஓட்டாதவர்களுக்கும் ஓர் அடையாள அட்டை தருவார்கள். போகிற போக்கில் அதையும் வாங்கிவிடலாம் என்று இருந்தேன். இரண்டுக்கும் படிவம் ஒன்றுதான். எது வேண்டுமோ அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும். எனக்குப் 'பெர்மிட்', அவளுக்கு 'அடையாள அட்டை' என்று நானே முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்திருந்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் என் கோப்பைப் புரட்டினாள். கேட்டதற்கு மேல் பதினோரு ஆவணங்கள் இருந்தன. "இத்தனை தேவையில்லை" என்று திருப்பித் தந்தாள். தேவைக்கு மேல் கொண்டு வந்ததற்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பிறகு வசந்தாவின் படிவத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் தேர்வு எழுதுகிறீர்களா?" என்று கேட்டாள்.

"யெஸ். மீ ஆல்சோ" என்றாள் வசந்தா.

எட்டிப் பார்த்தேன். அடையாள அட்டைக் கட்டத்தில் நான் போட்ட குறி ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, 'பெர்மிட்' கட்டத்தில் புதுக் குறி. அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் முறைப்படி அவளுடைய சுருக்கொப்பம். நான் பார்த்தவற்றிலேயே ஒழுங்கான திருத்தம்.

"என்ன வசந்தா இது?"

"நானும் எழுதிப் பாக்கறேங்க."

"நீ படிக்கவே இல்லையே!"

"ரெண்டு மாசமா யாரு கேள்வி கேட்டது?"

"கேள்வி கேக்கறது வேற, பதில் சொல்றது வேற."

"முப்பது வருஷம் கேள்வி கேட்டவ நான். பதில் தெரியாம கேக்க முடியாது."

அகிலா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கண் பரிசோதனை முடிந்து பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் உட்கார்ந்தோம். மூன்றாவது கேள்வியே வட்டம். நான் கண்ணை மூடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்தேன், சரியாகத் தொட்டேன். பெருமையாக இருந்தது. அதன் பிறகுதான் சரிந்தது.

சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, வழியிருந்தால் வலது பக்கம் திரும்பலாமா? கூடாது என்று அழுத்தினேன். திரும்பலாம். பள்ளிப் பேருந்து நிற்கிறது, ஆனால் நடுவில் தடுப்புத் திட்டுள்ள சாலையின் மறுபக்கத்தில், நிற்க வேண்டுமா? நின்றே ஆக வேண்டும் என்று அழுத்தினேன். வேண்டியதில்லை. மஞ்சள் விளக்கில் உடனே நிறுத்த வேண்டுமா, பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால் நிறுத்த வேண்டுமா? உடனே. தவறு. எல்லாமே நான் கோடு போட்டுப் படித்த பக்கங்கள். ஆனால் திரையில் நான்கு விடைகளைப் பார்த்ததும் என் விரல் தானாக ஒன்றைத் தேடிப் போனது. எதில் 'கூடாது' அதிகமோ, அதில். முப்பத்து நான்கு வருடம் அந்த விரல் செய்த வேலை அது. வட்டத்தைத் திருத்தத் தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. இதைத் திருத்த எதைச் சுற்றுவது என்று தெரியவில்லை.

தவறுகள் வரம்பைத் தாண்டியதும் இயந்திரம் மிச்சக் கேள்விகளைக் கேட்கவில்லை. வருந்துகிறோம் என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. பக்கத்தில் வசந்தா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நிதானமாக, விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரை பச்சையாக மாறியபோது அவள் கத்தவில்லை. திரும்பி என் திரையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். அது எனக்காகச் செய்தது.

மேல்முறையீடு உண்டா என்று கவுன்டரில் கேட்டேன். இல்லை. ஏழு நாள் கழித்து வாருங்கள் என்றாள் அந்தப் பெண். ஓட்டிக் காட்டும் தேர்வில் தவறியவர்களிடம் இதே ஏழு நாளை நானும் சொல்லியிருக்கிறேன், இதே போல நிமிர்ந்து பார்க்காமல்.

7

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஒப்பந்தம் தெளிவானது: நான் வாங்கினால் டிக்கெட் ரத்து. நான் வாங்கவில்லை. தீபத்துக்கு முன்னால் எனக்கு இன்னும் இரண்டு வாய்ப்புகள் இருக்கலாம். ஆனால் அந்த விரலை நம்பி எதுவும் சொல்வதற்கில்லை. அவளிடம் கேட்கவும் பயம்.

நிலாவிடம் அகிலா செய்தியைச் சொன்னாள். குழந்தை என்னிடம் ஓடி வந்து, "தாத்தா, யூ ஃபெயில்ட்? பாட்டி பாஸ்ட்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "பரவால்ல தாத்தா" என்றாள். எங்கிருந்து எடுத்தாளோ அந்தச் சொல்லை! தேர்வில் தவறியதற்கு இவ்வளவு நல்ல பரிசு யாருக்கும் கிடைத்திருக்காது.

பெர்மிட் வைத்திருப்பவர் தனியாக ஓட்ட முடியாது. உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று சனிக்கிழமை அகிலாவும் அம்மாவும் ஆளில்லாத பள்ளி மைதானத்தில் பழகினார்கள். நாலாவது சனிக்கிழமை காலை கடைக்கே கிளம்பினார்கள். நானும் நிலாவும் பின் இருக்கையில். வசந்தா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பெல்ட்டு" என்றாள். போட்டேன்.

கடைக்குப் போகும் வழியில் ஒரு வட்டம் இருக்கிறது. நடுவில் மண்ணை மேடாகக் குவித்து மேலே ஒரு பாறையை வைத்திருக்கிறார்கள். எத்தனையோ முறை கடந்திருக்கிறேன்; அன்றைக்குத்தான் அதன் உருவம் கண்ணில் பட்டது. வசந்தா வாயிலில் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். ஒரு லாரிக்கு வழிவிட்டாள். நுழைந்தாள். மேடு எங்கள் இடது பக்கம் மெதுவாகத் திரும்பியது. என் உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்ந்தது. அவள் தோளில் ஓர் அசைவும் இல்லை.

"அம்மா, இதான் வழி. திரும்பு. அம்மா!"

வழி கடந்து போயிற்று. வசந்தா பதறவில்லை. "இருடி, இன்னொரு சுத்து வரலாம்" என்றாள். வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை. கையேட்டில் நாற்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. இரண்டாவது சுற்றும் முடிந்தது. வழி தெரிந்துதான் விட்டாளோ என்று சந்தேகம். மூன்றாவது சுற்றில் நிலா கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். எதிர்ச்சுற்றுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைக்குள் வசந்தா தானே கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அகிலாவும் நிலாவும் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள், நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். வந்தபோது கூடையில் மூன்று கட்டு கொத்தமல்லி மட்டும் இருந்தது.

துணிந்து கேட்டேன். "வசந்தா, அந்த டிக்கெட்டு..."

"ரத்து பண்ணுங்க. தீபத்தை டிவியில பாத்துக்கலாம்."

"ஒப்பந்தப்படி நான்தானே பாஸ் பண்ணியிருக்கணும்?"

"பாத்தீங்களா, வாயால சொன்னதுலயே ஓட்டை கண்டுபுடிக்கிறீங்க." கொத்தமல்லியை என் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

கொத்தமல்லி வாசனையோடு நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்றைக்கு ஃபாரம் கொண்டு வந்து கொடுத்திருக்கணும், இழுப்பறையிலேயே இருந்தது, விதி எதுவும் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன். இவ்வளவுதான் சொன்னேன்.

வசந்தா ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். பிறகு கண்ணாடியைச் சரி செய்தாள்.

"வியாழக்கிழமை உங்களுக்கு மறுபடி தேர்வு இருக்குது இல்ல? அகிலா லீவு போட்டிருக்கா. நான்தான் ஓட்டிக்கிட்டு வரேன். ஃபாரத்தை நானே நிரப்பித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பும்போது சொன்னாள்: "இல்ல, சீனியாரிட்டிப்படி பாக்கலாமா?"